‘நேற்று அனுப்பியிருக்கிறோம்’ தமிழில் சரி, ஆங்கிலத்தில்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தவள். எங்கள் வேலை பாதிக்கு மேல் மெயிலில்தான் நடக்கிறது. பள்ளியில் படித்த பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணையோடு இன்றைக்கும் ஒப்பித்துவிடுவேன். மெயில் எழுத உட்கார்ந்தால் மட்டும் எதை எங்கே போடுவது என்று கை நின்றுவிடுகிறது. போன மாதம் ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு, ‘வீ ஹேட் டிஸ்பேட்ச்டு த லேப் டிப்ஸ் லாஸ்ட் மண்டே’ (லேப் டிப் என்றால் கலர் பார்க்க அனுப்பும் சாயமேற்றிய துணித் துண்டு) என்று எழுதினேன். ‘அதற்கப்புறம் என்ன ஆயிற்று, பார்சல் திரும்பி வந்துவிட்டதா?’ என்று பதில் வந்தது. என்ன தப்பு என்றே எனக்குப் புரியவில்லை. ‘வில்’ என்று எழுதாதே, ‘வுட்’ என்று எழுது, அதுதான் மரியாதை என்கிறார் எங்கள் சீனியர். டென்ஸையெல்லாம் பார்க்காதே, தைரியமாகப் பேசு, தானாக வரும் என்கிறார் இன்னொருவர். மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா என்றும் யோசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.
- வாசகி, திருப்பூர்

பதில்:

ஜெர்மன்காரர் கேட்டதில் தப்பில்லை. ஆங்கிலத்தில் ‘ஹேட் டிஸ்பேட்ச்டு’ என்று வந்தால், படிப்பவர் மனம் உடனே இன்னொரு சம்பவத்தைத் தேடும். அனுப்பியிருந்தோம், ஆனால் அதற்குள் நீங்கள் கலரை மாற்றிவிட்டீர்கள். அனுப்பியிருந்தோம், கூரியரில் தொலைந்துவிட்டது. இப்படிக் கடந்த காலத்திலேயே நடந்த இரண்டு காரியங்களில் எது முந்தியதோ அதற்குத்தான் ‘ஹேட்’. நீங்கள் முந்தியதை மட்டும் சொல்லிவிட்டு வாக்கியத்தை முடித்தீர்கள், அவர் மிச்சத்தைக் கேட்டார். ‘வீ டிஸ்பேட்ச்டு த லேப் டிப்ஸ் லாஸ்ட் மண்டே’ என்று எழுதியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அந்த ‘ஹேட்’ உங்கள் விரலுக்கு எங்கிருந்து வந்தது? அட்டவணை மறந்துபோனதால் வரவில்லை. உங்கள் தமிழ் நன்றாக இருப்பதால் வந்தது. ‘போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்’ என்று நாம் சொன்னால், அது முழுமையான வாக்கியம். போனேன், காரியம் முடிந்தது, திரும்பியும் வந்துவிட்டேன் என்பதெல்லாம் அந்த ‘இருந்தேன்’ என்ற துணைவினைக்குள் அடங்கிவிடும். ‘அப்புறம் என்ன?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘போன திங்கட்கிழமை அனுப்பியிருந்தோமே’ என்பதும் அப்படித்தான். அதில் ‘உங்களுக்குத் தெரியாதா’ என்ற மெல்லிய நினைவூட்டல்கூட இருக்கிறது. ஆங்கில ‘ஹேட்’டுக்கு இந்த வேலைகள் எதுவும் தெரியாது. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தால் ‘இருந்தோம்’ இருந்த இடத்தில் ‘ஹேட்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே முதல் விதி: கடந்த காலத்தின் இரண்டாவது சம்பவம் ஒன்று கையில் இல்லாமல் ‘ஹேட்’டைத் தொடாதீர்கள். ‘வீ ஹேட் டிஸ்பேட்ச்டு த லேப் டிப்ஸ் பிஃபோர் யூ சேஞ்ச்டு த கலர்’ என்பது சரியான வாக்கியம். நீங்கள் கலர் மாற்றும் முன்பே அனுப்பிவிட்டோம், செலவு உங்கள் கணக்கில் என்று நாசூக்காகச் சொல்லவும் அது உதவும்.

இதற்கு அக்கா முறையில் இன்னொரு தவறு இருக்கிறது. ‘வீ ஹேவ் டிஸ்பேட்ச்டு த சாம்பிள்ஸ் யெஸ்டர்டே.’ இந்தியா முழுக்க அலுவலக மெயில்களில் இது புழங்குகிறது. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறோம்’ என்பதில் ஒரு குறையும் இல்லை. நம்முடைய ‘இருக்கிறது’, நேற்று, போன வருஷம், சோழர் காலம் என்று எதனோடும் சேரும். பார்க்காத ஒன்றை ஊகித்துச் சொல்லவும் அதுதான்: காலையில் வாசல் நனைந்து கிடந்தால் ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ இவ்வளவு தாராளம் கிடையாது. முடிந்துபோன நேரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அது அந்த வாக்கியத்தில் நிற்காது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஆன் மண்டே, டூ டேஸ் எகோ, இன் 2019 என எது வந்தாலும் வினை சாதாரணக் கடந்த காலத்துக்குப் போய்விட வேண்டும். நேரத்தைச் சொல்லாமல், ‘காரியம் ஆகிவிட்டது, இப்போது பந்து உங்கள் பக்கம்’ என்ற நிலையை மட்டும் சொல்லும்போது ‘வீ ஹேவ் டிஸ்பேட்ச்டு த சாம்பிள்ஸ்.’ இன்னும் முடியாத நேரமும் பரவாயில்லை. ‘திஸ் வீக்’, ‘டுடே’ ஆகியவற்றோடு ‘ஹேவ்’ வரலாம்.

மெயிலை அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்போது என்று நான் எழுதியிருக்கிறேனா? எழுதியிருந்தால், அந்த நேரமும் முடிந்துபோயிருந்தால், ‘ஹேவ்’வும் வேண்டாம் ‘ஹேட்’டும் வேண்டாம். உங்கள் தொழிலில் வரும் டென்ஸ் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடும். அமெரிக்க பையர்கள் ‘வீ ஆல்ரெடி ஷிப்டு இட்’ என்று ‘ஹேவ்’ இல்லாமலேயே எழுதுவார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்த இடத்தில் ‘ஹேவ்’ போடுவது வழக்கம். இரண்டும் சரி. அமெரிக்கர் எழுதியதைப் பார்த்து உங்கள் ‘ஹேவ்’வை அடித்துத் திருத்த வேண்டாம்.

இப்போது அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்கு வருவோம். இறந்த காலம், நிகழ் காலம், எதிர் காலம் என்று மூன்று வரிசை, சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு பத்தி. பெருக்கினால் பன்னிரண்டு. பார்க்க அழகு; பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு வசதி. ஆனால் பன்னிரண்டும் சம அளவில் பயன்படுகின்றன என்ற பொய்யை அது சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. 1999இல் லாங்மேன் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் ஒன்று பேச்சு, கதை, செய்தி, ஆய்வுக் கட்டுரை என நான்கு துறைகளில் உண்மையாகப் புழங்கிய ஆங்கிலத்தைத் திரட்டி ஆராய்ந்தது. வினைத்தொடர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது, பெர்ஃபெக்டும் இல்லாமல் கன்டினியூவஸும் இல்லாமல் வெறும் சிம்பிள் வடிவில்தான் இருந்தன. ‘வில் ஹேவ் பீன் கோயிங்’ என்பதை உங்கள் ஆயுளில் எத்தனை மெயிலில் எழுதப்போகிறீர்கள்? பள்ளிக்கூடம் மட்டும் அதற்கும் ‘கோஸ்’, ‘வென்ட்’டுக்கும் ஒரே அளவு கட்டம் ஒதுக்கியது.

மொழியியலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ரேண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணத்தின்படி ஆங்கில வினை வடிவம் காட்டும் காலம் இரண்டே: நிகழ்காலம், இறந்தகாலம். ‘ஒர்க்’, ‘ஒர்க்டு’ என்று வினையே உருமாறுவது அந்த இரண்டுக்குத்தான். எதிர்காலத்துக்கு என்று ஆங்கில வினையில் தனி உருபு கிடையாது. ‘வில்’ போன்ற வேறொரு சொல்லைக் கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டும். நமக்கோ நன்னூல் காட்டும் இடைநிலைகள் மூன்று காலத்துக்கும் இருக்கின்றன: வந்தேன், வருகிறேன், வருவேன். இந்த விஷயத்தில் ஆங்கிலம்தான் ஏழை. அதனால் பயப்படாதீர்கள்.

தமிழ் உங்களைத் தடுக்கிவிடும் இன்னொரு இடம், ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.’ ‘ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதில் நம் நிகழ்காலம் ஐந்து வருஷத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆங்கில நிகழ்காலத்துக்கு அவ்வளவு நீளக் கை இல்லை. அங்கே ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதான் வர வேண்டும். ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்கு மட்டும் தமிழே மருந்து. ‘ஐந்து வருஷமாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘2019இலிருந்து’ என்று ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அந்த இரண்டும் அநேகமாகத் தவறவே தவறாது.

எதிர்காலத்தில் சுவாரஸ்யம் இன்னும் அதிகம். ‘அப்பா காலையில் காபிதான் குடிப்பார்’ என்கிறோம். ‘குடிப்பார்’ எதிர்காலத்தின் உருவம், சொல்வது பழக்கத்தை. ‘சின்ன வயசில் வாய்க்காலில்தான் குளிப்போம்’ என்னும்போது அதே உருவம் முப்பது வருஷம் பின்னால் போய்விடுகிறது. இதை ஆங்கிலத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவதால்தான் ‘வீ வில் டிஸ்பேட்ச் த ரிப்போர்ட் எவ்ரி ஃப்ரைடே’ என்ற வாக்கியம் பிறக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அனுப்புவது எங்கள் வழக்கம் என்று நீங்கள் நினைத்து எழுதியிருப்பீர்கள். இனிமேல் அனுப்பப்போகிறோம் என்று பையர் புதிய வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். வழக்கத்துக்கு ‘வில்’லை எடுத்துவிட்டு வெறும் வினை போதும்: ‘வீ டிஸ்பேட்ச் த ரிப்போர்ட் எவ்ரி ஃப்ரைடே.’ பழைய வழக்கத்துக்கு ‘யூஸ்டு டு’.

மறுபக்கமும் உண்டு. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்கிறோம். அதை ‘ஐ கம் டுமாரோ’ என்று ஆக்கிவிடக் கூடாது. ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’ என்றோ ‘ஐ வில் கம்’ என்றோதான் சொல்ல வேண்டும். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘இதோ வந்துட்டேன்’ என்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வரவே இல்லை, ஆனால் வந்துட்டேன்! அவசரத்திலும் உறுதியிலும் காலம் இப்படி மாறிவரலாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலேயே இடம் கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. போனில் ‘ஐ கேம், ஐ கேம்’ என்றால் எதிர்முனையில் இருப்பவர் வாசலைத்தான் எட்டிப் பார்ப்பார்.

எதிர்மறை வாக்கியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. ‘துணி வரவில்லை’ என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரவில்லையா, இன்னும் வந்து சேரவில்லையா, இப்போது வருவதாக இல்லையா? ‘இல்லை’ என்ற சொல் காலத்தைக் காட்டுவதே கிடையாது. சூழலை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இங்கே மூன்றாகப் பிரித்துக் கேட்கும். நேற்று வருவதாக இருந்து வராமல் போனால் ‘த ஃபேப்ரிக் டிட் நாட் அரைவ் யெஸ்டர்டே’. காத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் காணோம் என்றால் ‘த ஃபேப்ரிக் ஹேஸ் நாட் அரைவ்டு யெட்’. ஆர்டரே ரத்தாகி, வராது என்று தெரிந்துவிட்டால் ‘த ஃபேப்ரிக் இஸ் நாட் கமிங்’. இரண்டாவதைச் சொல்ல நினைத்து மூன்றாவதை எழுதினால் பையர் பதறிப்போவார். தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால் நம் மனம் இங்கே எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. நீங்களாகத்தான் நின்று யோசிக்க வேண்டும்.

‘டிட் நாட் ரிசீவ்டு’ என்று இரட்டைக் கடந்த காலம் போடும் பழக்கமும் பலருக்கு இருக்கிறது. ‘அனுப்பவில்லை’ என்பதில் ‘அனுப்ப’ வெறும் எச்சம்தானே, அதில் ஏதாவது காலம் இருக்கிறதா? அதே போல ‘டிட்’டுக்குப் பின்னால் வரும் வினையும் வெறுமையாக இருக்க வேண்டும்: ‘டிட் நாட் ரிசீவ்’.

சரி, உங்கள் சீனியரின் ‘வுட்’. அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பின்பற்றாதீர்கள். கேட்கும்போது ‘வுட்’ மரியாதைதான்: ‘வுட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்?’, ‘வீ வுட் லைக் டு நோ’. வாக்குக் கொடுக்கும்போது அது மரியாதை இல்லை, நழுவல். ‘வீ வுட் ஷிப் த கூட்ஸ் ஆன் ஃப்ரைடே’ என்று படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு, ‘அனுப்புவோம்தான், ஆனால்...’ என்று ஒரு நிபந்தனை தொங்குவது போலத் தெரியும். பணம் வந்தால் அனுப்புவோமா? அப்ரூவல் கிடைத்தால் அனுப்புவோமா? தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும் தேதியை வைத்து ஐரோப்பாவில் ஒரு கடை தன் ஷெல்ஃபைத் திட்டமிடுகிறது. அந்தத் தேதியை ‘வுட்’ போட்டுச் சொன்னால் யார் நம்புவது? ‘வீ வில் ஷிப் த கூட்ஸ் ஆன் ஃப்ரைடே.’ அவ்வளவுதான். நிச்சயமாகத் தெரியவில்லையென்றால் ‘வீ எக்ஸ்பெக்ட் டு ஷிப்’ என்று எழுதுங்கள். அது நேர்மையாகவும் இருக்கும்.

‘வீ ஆர் ஹேவிங் 200 மெஷின்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மெஷின் வைத்திருக்கிறோம்’ என்பதன் நிழல் அது. உடைமை, அறிவு, தேவை, விருப்பம் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக ‘இங்’ வேண்டாம்: வீ ஹேவ், வீ நோ, வீ நீட், வீ வான்ட். சாப்பிடுவது என்ற பொருளில் ‘ஹேவிங் லஞ்ச்’ வரலாம். இந்தியர்களின் இந்த ‘இங்’ மோகத்தை வைத்து மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் இசக்கியேல், மிஸ் புஷ்பா என்ற பெண்ணுக்கு நடக்கும் வழியனுப்பு விழாவாக ஒரு முழுக் கவிதையே எழுதினார். தேடிப் படித்துப் பாருங்கள். நம் அலுவலகத்து ஆள் யாராவது அதில் கட்டாயம் தென்படுவார்.

உங்கள் தொழிலுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வேண்டும். ஸ்டேட்டஸ் மெயிலில் யார் செய்கிறார்கள் என்பது யாருக்கும் முக்கியமில்லை, துணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். சாயம் ஏறிக்கொண்டிருந்தால் ‘த ஃபேப்ரிக் இஸ் பீயிங் டைடு’. ஏறி முடிந்துவிட்டால் ‘ஹேஸ் பீன் டைடு’. இனிமேல்தான் என்றால் ‘வில் பி டைடு’. வாரத்துக்கு நான்கைந்து தடவை நீங்கள் எழுதப்போவது இந்த மூன்றைத்தான். டையிங் இருக்கும் இடத்தில் நிட்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

டென்ஸே பார்க்காதே என்கிற நண்பருக்கும் பாதி நியாயம் உண்டு. பேச்சில் முகம், கை, குரல் எல்லாம் சேர்ந்து அர்த்தத்தைக் காப்பாற்றிவிடும். தவறு விழுந்தாலும் அங்கேயே சரிசெய்யலாம். அதனால் பேசும்போது நிற்காமல் பேசுங்கள். மெயிலுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் தூங்கும் நேரத்தில் வேறொரு நாட்டில் ஒருவர் அதைத் தனியாகப் படிக்கிறார். தகராறு வந்தால் அதே மெயிலைச் சாட்சியாக எடுத்து வைப்பார்.

பழகுவதற்கு ஒரு வழி. நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மெயில்களை எடுத்துக்கொண்டு, ‘ஹேட்’, ‘ஹேவ்’, ‘வுட்’ வந்த இடங்களை மட்டும் தேடுங்கள். முதல் இரண்டில் ‘எப்போது என்று எழுதியிருக்கிறேனா’ என்ற கேள்வியையும், ‘வுட்’டில் ‘கேட்கிறேனா, வாக்குக் கொடுக்கிறேனா’ என்ற கேள்வியையும் கேட்டுத் திருத்துங்கள். மற்றவர் புத்தகத்துப் பயிற்சியைவிட இது வேகமாக ஒட்டும், ஏனென்றால் வாக்கியங்கள் உங்களுடையவை. அதோடு விதிப்படி மாறாத வினைகளின் மூன்று வடிவங்களையும் மனப்பாடம் செய்வதில் வெட்கப்படாதீர்கள். பி, ஹேவ், டு, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ என்று ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள் எல்லாமே ஒழுங்கில்லாமல் மாறுபவை. அவற்றுக்கு விதி இல்லை, வாய்ப்பழக்கம்தான். புத்தகம் வேண்டுமென்றால் ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ வாங்குங்கள். 1985இலிருந்து கேம்பிரிட்ஜ் வெளியிட்டுவரும் நூல். பன்னிரண்டு கட்டத்தைக் காட்டி அது பயமுறுத்தாது. முதலில் இரண்டு நிகழ்காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே எது என்று காட்டும். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, விடைகள் பின்னால். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும்.

வகுப்பைப் பற்றி: பேசக் கூச்சம் இருந்தால் சேருங்கள், கூச்சம் போக நான்கு பேர் நடுவில் பேசித்தான் ஆக வேண்டும். டென்ஸுக்காக மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம். எதற்கும் பணம் கட்டும் முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். முதல் வகுப்பிலேயே போர்டில் பன்னிரண்டு கட்டம் போட்டார்கள் என்றால், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம், எழுந்து வந்துவிடுங்கள்.